ஜாத்திரைப் படமும் முனிரத்தினம் அண்ணனும்

முனிரத்தினம் அண்ணன் போய்விட்டார். புத்தூரில், மகள் வீட்டில்... காலையில் காபி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழவில்லையாம்.

எரித்துவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்கிறேன், பேத்தி டைப் அடிக்கிறாள்.

நேற்றுகூட பேரன் போனில் வரப்போகிற ஃபைட் படம், பேய்ப் படம் டிரெய்லரெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். எது எந்த ஃபெஸ்டிவலுக்கு செலக்ட் ஆகும் என்று கமெண்டில் பிள்ளைகளுக்குள் வெட்டுக்குத்து. எங்கள் காலத்தில் அந்த வெட்டுக்குத்து தெருவில் நடந்தது.

ஆந்திரா தனி ராஜ்யமான புதிது. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் எந்த ஊர் யாருக்குப் போகும் என்று தினம் ஒரு மண்டை உடையும். அப்போது நானும் அண்ணனும் ஒரு டூரிங் டாக்கீஸில் வேலை. எனக்கு மேளம், அவருக்கு வாய்.

வாய் என்றால்... பகலில் மாட்டு வண்டியில் நின்று அடுத்து வரும் படத்தைக் கூவுவார். மாலையில் இங்கிலீஷ் படம் ஓடினால், திரைக்குப் பக்கத்தில் நின்று தகரக் குழாயில் கதை சொல்வார். தமிழிலும் சொல்வார், தெலுங்கிலும் சொல்வார்.

கூவுவதும் சும்மா இல்லை. மரக்கத்தியை வயிற்றில் சொருகிக்கொண்டு வண்டியிலிருந்து தலைகுப்புற விழுவார். "ரத்தம்! ரத்தம்! வர்ற வெள்ளிக்கெழம நம்ம டெண்ட்டுல ரத்தம்!"

ஒரு தடவை நிஜமாகவே முன்பல் போனது. துப்பிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

அந்த வருஷம் கங்கம்மா கோயில் திருவிழாவுக்கு, அதான் ஜாத்திரைக்கு, எந்தப் படம் என்பதில்தான் வந்தது வினை. தமிழ்ப் படம் போடாவிட்டால் கொட்டகையைக் கொளுத்துவோம் என்று ஒரு கோஷ்டி. தெலுங்குப் படம் போடாவிட்டால் அதே கொட்டகையை நாங்கள் கொளுத்துவோம் என்று இன்னொரு கோஷ்டி.

முதலாளி பயந்துபோய் இங்கிலீஷ் சண்டைப் படப் பெட்டியை இறக்கினார். "வெள்ளக்காரன் வெள்ளக்காரன வெட்றான். இதுக்கு எவன்டா சண்டைக்கி வருவான்?"

"படம் அவுனுது மொதலாளி. வாய் என்னுதாச்சே" என்றார் அண்ணன்.

அப்படியே ஆனது. சந்தை மூலையில் வண்டியை மறித்தார்கள். "இன்னாடா, தெலுங்குல கூவிக்கினு வர்ற? ஊர எழுதிக் குட்த்துட்டியா?" பளார் என்று ஒன்று.

அடுத்த தெருவில் மற்றவர்கள். "ஏம்ரா, அரவம்லோ அருஸ்தாவா?" தமிழில் கத்துகிறாயா என்று இன்னொன்று.

அண்ணன் கன்னத்தைத் தடவிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "டேய் ஏகா, ரெண்டு கன்னமும் ஒரே சூடுடா. ஓரவஞ்சன இல்ல."

மாலையில் ஜாத்திரைக் கூட்டம் முழுவதும் கொட்டகையில். உட்கார மணல் இல்லை. இரண்டு கோஷ்டியும் உள்ளேதான், ஆளுக்கொரு பக்கம்.

முதல் ரீலில் வெட்டுகிறவனைத் தமிழிலும் வெட்டுப்படுகிறவனைத் தெலுங்கிலும் பேசவைத்தார். ஒரு பக்கம் விசில், ஒரு பக்கம் கல். அடுத்த ரீலில் பாஷையை மாற்றிவிட்டார். கல்லும் விசிலும் பக்கம் மாறின.

ஒரு கல் புருவத்தைக் கிழித்தது. ரத்தத்தை வழித்து வேட்டியில் துடைத்துக்கொண்டு கதையைத் தொடர்ந்தார்.

கொட்டகையில் எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். ஜனங்களைப் பார்த்து நின்றவர் அவர் ஒருவர்தான். அதனால் அவருக்குத்தான் முதலில் தெரிந்தது... பின்னால், வாசல் பக்கம், கீற்றில் நெருப்பு.

யார் வைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு கோஷ்டியின் பேரன்களும் என் ஃப்ரெண்ட் லிஸ்டில் இருக்கிறார்கள்.

"நெருப்பு! ஓடுங்க! நிப்பு! பரிகெத்தண்டி!" குழாயில் அலறினார்.

ஜனம் கைதட்டியது. கதை சொல்லும்போது அவர் எப்போதும் அப்படித்தானே அலறுவார்? திரையில் குதிரை ஓடிக்கொண்டிருந்தது. நெருப்பு அடுத்து வரும் என்று காத்திருந்தார்கள்... மடியில் பிள்ளைகளோடு.

நான் எழுந்து நின்று பின்னால் கை காட்டினேன். "உக்கார்றா டேய், மறைக்கிது" என்றான் ஒருவன்.

பூஜைக்குத் தேங்காய் உடைக்கும் கொடுவாள் திரைக்கடியில் கிடந்தது. அண்ணன் அதை எடுத்து, ஓடுகிற படத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பு. குதிரை இரண்டாகப் பிளந்தது. அந்தப் பக்கம் வெறும் வயல்.

"வாங்கடா! ஆம்பளைங்கனா வந்து அடிங்கடா! ரண்டிரா!" தெலுங்கிலும் வரச்சொல்லிக் கூப்பிட்டார்.

மொத்தக் கூட்டமும் எழுந்தது. ஜாத்திரைப் படத்தைக் கிழித்தவனைச் சும்மா விடுவார்களா? கிழிசல் வழியாக அவர் ஓட, இரண்டு கோஷ்டியும் சேர்ந்து துரத்த, பின்னாலேயே ஊர். கடைசி வரிசைக்காரர்கள்தான் முதுகு சுட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவர்களும் அதே கிழிசலில்...

வயலில் பிடித்துவிட்டார்கள். மிதித்தார்கள். சைக்கிள் செயினால் தாடையில் போட்டார்கள். நான் அவர்மேல் விழுந்து படுத்தேன், எனக்கும் கிடைத்தது.

கொட்டகை சரிந்த சத்தம் கேட்ட பிறகுதான் கைகள் நின்றன. ஒருவன் அவர் முடியைப் பிடித்த பிடியை விடாமலேயே திரும்பிப் பார்த்தான்.

ஒரு உயிர்கூடப் போகவில்லை.

புத்தூரில் எலும்புக் கட்டு. முட்டை வெள்ளைக்கரு, தழை, துணி... தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டிவிட்டு, வாயைத் திறக்கவே கூடாது என்றார் வைத்தியர்.

பார்க்க வந்தவர்களில் அடித்தவர்களும் உண்டு. ஒருவன் வாழைப்பழத்தோடு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான். "ணா... படத்துல அந்த வெட்டுப்பட்டவன் பொழச்சானா, செத்தானா?"

அண்ணன் கட்டுக்குள்ளிருந்து உறுமினார். என்ன சொன்னார் என்று புரியவில்லை. நல்ல வார்த்தை இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

தாடை கோணலாகத்தான் கூடியது. அதற்கப்புறம் அவர் வண்டி ஏறவில்லை. புத்தூரிலேயே சோடாக்கடை போட்டுக்கொண்டார்.

இன்றைக்கு வாய்க்கரிசி போட்டேன். உள்ளே நிற்கவில்லை, கோணல் பக்கமாக வழிந்தது. கையில் தாங்கிப் பிடித்து மறுபடி போட்டேன்.

போய்ட்டு வாங்க-ணா...