எனக்கு முறை தேடிக் கப்பலேறிய அண்ணன்

இந்த நினைவு மலரைப் பெறும் பலருக்கு எங்கள் அண்ணனைக் கிரேன் ஓட்டுநராகத்தான் தெரியும். அவர் பிறந்தது இராமநாதபுரம் பக்கம், கடலோரச் சிற்றூரில். தாத்தா அங்கே சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தவர். அப்பா கொத்தனார். கடல் தாண்டித் தீவிலுள்ள ஹேடோவில் துறைமுக வேலைக்கு ஆள் எடுத்தபோது அம்மாவையும் சிறுவனாயிருந்த அண்ணனையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். நான் பிறந்தது ஹேடோ குவார்ட்டர்ஸில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, அண்ணன் படிப்பை விட்டுக் கப்பல் துறை வார்ஃபில் சுமை தூக்கப் போனார். கிரேன் பிறகு வந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் துறைமுகத்துக்கு எதிர்க்கரையான பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஒரு தச்சர் குடும்பம் என்னைப் பெண் கேட்டது. எனக்கும் விருப்பம்தான், யாரிடமும் சொன்னதில்லை. நாள் குறிக்கும் வேளையில் குலதெய்வப் பேச்சு வந்தது. இரு வீட்டுக்கும் ஒரே ஊர், ஒரே அய்யனார். அப்படியானால் பங்காளிகள்; மாப்பிள்ளை எனக்கு அண்ணன் முறை. பேச்சு அத்தோடு நின்றது.

அண்ணனோடு வேலை செய்த மூத்தவர் ஒருவர், "சோடோ பாய், விட்டுத் தள்ளுப்பா! இத்தன கடலத் தாண்டி வந்து யாரு முறை பாக்கப் போறா?" என்றார்.

"யாரும் பாக்க வேணாம்ணே. எந் தங்கச்சி மனசுல உறுத்தக் கூடாதுல்ல" என்றார் அண்ணன்.

அம்மாவுக்கு எங்கள் வம்சத்தில் தெரிந்தது தாத்தா வரைதான். ஊருக்குப் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. அண்ணன் லீவு போட்டு, ஊர்ப்பக்கம் போகும் மெயின்லேண்ட் கப்பலில் விசாரிக்கப் புறப்பட்டார். ஒரு மாதத்துக்கு மேல் சேதியில்லை.

கப்பல் திரும்பிய அன்றே மாப்பிள்ளையின் தகப்பனாரை வீட்டுக்கு அழைத்து வந்தார். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். எங்கள் கொள்ளுத் தாத்தா அந்த ஊர்க்காரரே இல்லையாம். சுண்ணாம்புக் காளவாசல் வேலைக்கு வந்து, மாப்பிள்ளை வீட்டாரின் வம்சத்துப் பெண்ணைக் கட்டி, வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டார். மனைவி வீட்டு அய்யனாரையே கும்பிட்டிருக்கிறார்.

"எங்க சாமி வேற. நாம பங்காளி இல்ல மாமா, மாமன் மச்சான்" என்றார் அண்ணன்.

"அடப் போய்யா! பொண்ணு குடுத்த வீடுன்னா சீரு நானுல்ல செய்யணும்? கப்பலேறிப் போயி எனக்குச் செலவு தேடிட்டு வந்திருக்கீரு!" என்று சிரித்தார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

"அதுக்குத்தான் இப்பப் பொண்ணு தர்றோம்ல" என்றார் அம்மா.

அந்தத் தையிலேயே என் திருமணம் நடந்தது.

அண்ணனின் மூத்த மகன் எலக்ட்ரீஷியன், இளையவள் ஆசிரியை. கடைசி இரண்டு மாதம் படுக்கையிலும் பேரன் பேத்திகளோடு சிரித்துப் பேசினார்.

பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், தோள் கொடுத்த வார்ஃப் நண்பர்களுக்கும், துக்கத்தின் மூன்று நாளும் எங்களுக்குச் சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டு வங்காளி அக்காவுக்கும் எங்கள் நன்றி. தீவில் எங்களுக்குப் பங்காளி என்று ஒரு வீடும் இல்லை. ஆனால் அண்ணனை எடுத்த அன்று காலை முதல் படகில் பாம்பூஃப்ளாட்டிலிருந்து என் கணவரின் தம்பிகளும் அவர்கள் பிள்ளைகளுமாகப் பதினொரு பேர், மாமன் மச்சான் முறைக்குக் கோடித்துணியோடு வந்து இறங்கினார்கள்.