கள்ளிக்குப்பத்தில் நான் போகாத தெரு

1988 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 6.50க்கு அரக்கோணத்தில் மின்சார ரயில் ஏறினேன். அம்பத்தூருக்கு ஐம்பத்து மூன்று கிலோமீட்டர். டிக்கெட் ஐந்து ரூபாய். நெமிலிச்சேரி தாண்டியதும் கூட்டம் ஏறியது. நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பெரியம்மை ஒழிந்த கதையை ஆண்டு மலருக்கு எழுதப்போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். அது பாதி உண்மை. 1963இல், இருபத்தொரு வயதில், ஆறு மாதம் இந்தப் பக்கத்தில் வீடு வீடாக அம்மை குத்தும் தற்காலிக வேலை பார்த்தவன் நான்.

8.05. அம்பத்தூர். நாங்கள் மருந்து வைத்திருந்த ஓட்டுக் கட்டடம் ரேஷன் கடையாகியிருந்தது. பூட்டியிருந்ததால் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஐஸ் பெட்டி இருந்த மூலையில் மண்ணெண்ணெய் பீப்பாய் நின்றது. அறை பதினான்கு அடிக்குப் பத்தடி என்று குறிப்பேட்டில் குறித்துக்கொண்டேன்.

கள்ளிக்குப்பத்துக்கு சைக்கிள் ரிக்ஷா மூன்று ரூபாய். யார் வீட்டுக்கு என்று ரிக்ஷாக்காரர் கேட்டார். சும்மா ஊர் பார்க்க என்றேன். இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று அவர் சிரித்தார்.

9.00. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு தெரு. அம்மை குத்த வந்த அன்றைக்கும் இப்படித்தான் வெயில். கரையைத் தாண்டச் சோம்பல்பட்டு, இந்தப் பக்கத்து நிழலிலேயே உட்கார்ந்து, வீட்டுப் பட்டியலைப் பார்த்து முப்பத்தொரு பேருக்கும் அம்மை குத்தியாகிவிட்டது என்று எழுதினேன். மருந்தை மண்ணில் ஊற்றினேன். அடுத்த மாதம் பாடி என்ற பக்கத்து ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அந்தத் தெருவில் அம்மை கண்டிருக்கிறது என்று அங்கே காதில் விழுந்தது. கேட்காதவன்போல் இருந்துவிட்டேன். பிறகு ஆசிரியராகி, மக்கள் அறியாமையால் அம்மை குத்திக்கொள்ளாமல் ஒளிந்தார்கள் என்று வருடாவருடம் பாடம் நடத்தினேன்.

அடிபம்பில் ஒரு பெண் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பெயர் செல்வி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. வயது இருபத்தாறு இருக்கும். முகமெல்லாம் தழும்பு, இடது கண்ணில் வெள்ளை. இந்தத் தெருவில் அம்மை குத்தினார்களா என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவன்போல.

அவள் ரவிக்கைக் கையை மேலே இழுத்துக் காட்டினாள். அம்மை குத்திய வடு இல்லாமல் தோள் வழவழப்பாக இருந்தது.

"அம்மா என்னை இடுப்புல வச்சிகினு ரெண்டு நாள் வாசல்லயே நின்னுச்சாம். மூணாம் நாள் தெருவோட சேர்ந்து களை எடுக்கப் போய்ட்டுது. அன்னிக்குத்தான் அம்மை குத்துறவரு வந்துட்டுப் போனாருன்னு ஆபீசுல சொன்னாங்களாம். இன்னிக்கும் அதையே சொல்லிச் சொல்லி அழுதுகினு கீது சார்."

குறிப்பேட்டை மூடினேன். அந்த ஆள் வரவே இல்லை, அது நான்தான் என்றேன்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். பம்பில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னாண்ட சொல்லி இன்னா பண்றது? ஊட்டுக்கு வந்து அம்மாவாண்ட சொல்லு."

அவள் பேச்சில் ‘சார்’ போய்விட்டது. அவள் பின்னால் நடந்தேன்.

தாய் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. முறம் நின்றது. அவர் என்னைப் பார்க்காமல், மகளைப் பார்த்துக் கேட்டார்.

"அப்போ நான் வேலைக்குப் போனதால இல்லியா?"

"இல்லம்மா," என்றாள் செல்வி.

அந்த அம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். இத்தனை வருடம் எங்கே இருந்தாய் என்று முந்தானைக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது. நான் இருந்தது அரக்கோணத்தில். ஒன்றேகால் மணி நேரப் பயணம்.

செல்வி தெருமுனைவரை வந்தாள். "இனிமே வராதே. அம்மா கொஞ்சம் நிம்மதியா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

11.40. அம்பத்தூரில் ரயில் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் நின்றேன். மேலே கம்பியைப் பிடித்திருந்த கைகளில், சட்டைக் கை சரிந்த இடங்களில், வட்ட வட்டமாக அம்மை குத்திய தழும்புகள். ஒவ்வொரு தழும்புக்கும் யாரோ ஒருவர் வெயிலில் கடைசி வீடுவரை நடந்து போயிருக்கிறார். ஆவடி வருவதற்குள் பன்னிரண்டு எண்ணினேன். அதற்கு மேல் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.