சுங்கை பூலோவில் விட்ட ஜெபமாலை

புக்கிட் மெர்தாஜாம் பேராலயத்துக்குத் திருப்பயணம் போகும் பதினொரு கன்னியாஸ்திரிகளின் வேனில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை எனக்கு. ஈப்போவில் இறங்கிக்கொள்வேன். கிள்ளானில் தொடங்கிய ஜெபமாலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, சுங்கை பூலோ ஓய்விடத்தில் தே தாரேக் தேநீர் குடிக்க இறங்குகிறோம்.

திரும்ப ஏறியதும் தகராறு. எங்கே விட்டோம் என்று ஒருவருக்கும் நினைவில்லை.

"சந்தேகம்னா முதல்லேருந்து சொல்லணும்" என்கிறார் மதர். பின்னால் பெருமூச்சுகள்.

ஓட்டுநர் முனியாண்டி அண்ணன் நெற்றி நிறையத் திருநீறு. கண்ணாடிக்குக் கீழே பத்துமலை முருகன். வேனைக் கிளப்பிக்கொண்டே சொல்கிறார்: "நாலாவது தேவ இரகசியம், மதர். அருள் நிறைந்த மரியே ஏழு ஆச்சு. எட்டுலேருந்து சொல்லுங்க லா."

"எப்படிண்ணே தெரியும்?" என்கிறேன்.

"வருஷா வருஷம் நான்தானே ஓட்டுறேன். ஸ்டியரிங்ல விரல் விட்டு எண்ணிக்கிட்டே வருவேன். இல்லன்னா தூக்கம் வந்துரும்."

சிரிப்பு அடங்கி எட்டாவது தொடங்குகிறது. வேன் ஓய்விடத்து வாகனக் கூட்டத்துக்குள் ஊர்கிறது. ஒன்பது, பத்து; நாலாவது இரகசியம் முடிகிறது. அப்போதுதான் பக்கக் கண்ணாடியில் பார்க்கிறேன். ஒரு கையில் கொய்யாப் பை, மறு கையில் அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி சிஸ்டர் ஒருவர் பின்னால் ஓடி வருகிறார்.

அண்ணன் பிரேக்கை மிதித்துத் தலையில் கைவைக்கிறார். "மணிய எண்ணுனேன், ஆள எண்ணல சிஸ்டர்."

மூச்சிரைக்க ஏறியவர் அவருக்குத்தான் முதல் கொய்யாவை நீட்டுகிறார்.

"பரவால்லண்ணே. மிச்சம் மூணையும் ஓடி வரும்போதே சொல்லிட்டேன். அஞ்சாவத ஆரம்பிங்க."