கைதிச் சட்டையில் மஞ்சள்

பரமட்டாவில் எங்கள் வீட்டுக் கராஜில் கார் நின்றதேயில்லை. தையல் மெஷினும் துணி வெட்டுகிற மேசையும்தான் நிற்கின்றன. கிழமை நாட்களில் எனக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை, சனி ஞாயிறில் தையல். லாண்டரிச் சூட்டில் நின்று நின்று முழங்கால் போய்விட்டது. தையலை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஓடர் வந்தது.

துறைமுகத்தில் நிற்கிற பழைய கப்பலொன்றில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி, இங்கிலாந்திலிருந்து கைதிகளை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிய காலத்தைக் காட்டுகிறார்கள். பிள்ளைகள் போட்டுப் பார்க்கக் கைதி உடுப்புகள் வேண்டுமாம். முதல் தொகுதி பிடித்திருந்தால் தொடர்ந்து வேலை தருவோம் என்றார் அதற்குப் பொறுப்பான பெண். அது மட்டும் கிடைத்தால் லாண்டரிக்கு ஒரு பெரிய கும்பிடு.

ஆனால் அவர் கேட்டது என் கைக்கு ஒத்துவராத வேலை. முரட்டுக் காடாத்துணி, ஆளைப் பார்த்து அளவெடுக்காத சட்டை, தொளதொளவென்று ஒரு காற்சட்டை. கப்பலேறும்போது கைதியின் சொந்த உடுப்பைக் கழற்றிவிட்டு இதைத்தான் கொடுப்பார்களாம். பொருந்தினால் அவனுடைய அதிர்ஷ்டம். கழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை என்று வேறு சொன்னார். இத்தனை வருடமாகக் கழுத்தை நேராகத் தைக்கப் பாடுபட்டவளிடம் சொல்கிற கதையா இது? பல்லைக் கடித்துக்கொண்டு கோணலாகத் தைத்தேன்.

துணி வெட்டவும் அயன் பண்ணவும் என் தம்பி வருவான். அகதியாகப் படகில் வந்தவன். வந்து எவ்வளவோ காலமாகியும் இன்னும் தற்காலிக விசாதான். கடலைப் பற்றி வாயே திறக்கமாட்டான். அந்தப் பெண் சொன்ன சாப்பாட்டுக் கதையை ஒருநாள் அவனுக்குச் சொன்னேன். கைதிகளை ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் சேர்த்து அளந்து கொடுப்பார்களாம்: உப்பில் ஊறிய இறைச்சி, பட்டாணி, கல்லுப் போன்ற பிஸ்கட், நோய் வராமலிருக்க எலுமிச்சைச் சாறு.

"தண்ணி எவ்வளவு குடுத்தவங்களாம்?" என்று கேட்டான்.

"அதை நான் கேக்கேல்லையடா."

"ம்" என்றுவிட்டு அயன் பண்ணத் தொடங்கினான்.

அந்தப் பெண் பார்க்க வருவதாகச் சொன்ன சனிக்கிழமை காலை, மடித்து அடுக்கியிருந்த சட்டைகளில் ஒன்றை எடுத்தேன். கழுத்து ஓரத்தில் மஞ்சள் பொட்டு. அடுத்ததிலும் அப்படியே. எல்லாவற்றிலும் தம்பி தொட்டு வைத்திருந்தான்.

"விசரே உனக்கு? கைதி உடுப்புக்கு மஞ்சள் ஒரு கேடா?"

"புது உடுப்பு அக்கா. சும்மா எப்பிடிப் போடுறது?"

எங்கள் வீட்டில் மஞ்சள் வைக்காமல் புதுத்துணி உடம்பில் ஏறாது, சரி. அதற்காக ஓடர் துணியிலுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் கார் வாசலில் வந்து நின்றது.

அவர் கண் முதலில் போனதே மஞ்சளில்தான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வழக்கத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "நல்ல வழக்கம். ஆனால் இந்த உடுப்பை அவர்களுக்கு யாரும் வாழ்த்திக் கொடுக்கவில்லையே. பிள்ளைகளுக்கு அதுதான் விளங்க வேண்டும்" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. கழுவித் தருகிறேன் என்றேன்.

தம்பி அயனை நிமிர்த்தி வைத்தான். "நீங்கள் சொல்வது சரி" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான். "எனக்கும் தடுப்பு முகாமில் புது உடுப்புத் தந்தார்கள். நான் கட்டியிருந்த சாரத்தைக் குப்பையில் போட்டார்கள். யாரும் மஞ்சள் வைக்கவில்லை."

அவர் எடுத்துப் பார்த்த சட்டையை மடித்து வைத்தார். பிறகு, மன்னிக்கவேண்டும் என்றார். கழுவியதும் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் தம்பி பக்கம் திரும்பினேன். "ஏனடா இதை எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்கள் அழுவியள் எண்டுதான்." வாளியை எடுத்தான். "நானே தோய்க்கிறன் அக்கா. உங்கட ஓடர் போயிடக்கூடாது."

சவர்க்காரம் பட்டதும் மஞ்சள் சிவந்துபோனது. நான் பதறினேன். அவன் பதறவில்லை. திரும்பத் திரும்ப அலசி, பின்வளவுக் கொடியில் வெயில் படும்படி விரித்துப் போட்டான். பின்னேரம் பார்த்தபோது ஒரு அடையாளமும் இல்லை. அச்சொட்டாகக் கைதிகளின் உடுப்பு.

ஓடர் கிடைத்தது. லாண்டரியை விட்டுவிட்டேன், முழங்கால் இப்போது பரவாயில்லை. தம்பிக்கு விசா இன்னும் வரவில்லை. சனிக்கிழமைகளில் வந்து வெட்டித் தருகிறான், அயன் பண்ணித் தருகிறான். மஞ்சள் வைப்பதில்லை. வையடா என்று சொல்ல எனக்கும் வாய் வருவதில்லை. ஓடர் எனக்கு வேண்டும்.