பிரேக் இல்லாமல் வந்த வண்டி

சைக்கிள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டியை உருட்டிக்கொண்டுதான் வருகிறார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. கடை வைத்திருக்கும் என் சக பாவிகளுக்கு இது தெரியும். செல்லூர்ச் சந்துக்குள் இருக்கும் என் கடைக்கு ஜெசிந்தா வந்ததும் அப்படித்தான்.

ஒன்றுமே இல்லாத வண்டி

அவளுடையது மைதானத்தில் பந்தயம் ஓட்டும் வண்டி. பிரேக் இல்லை, பெல் இல்லை, ஸ்டாண்டு இல்லை. பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும்; வேகத்தைக் குறைக்கக் காலால்தான் எதிர்த்து அழுத்த வேண்டும். விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்று பல வருடம் ஓட்டியிருக்கிறாள். கிடைக்கவில்லை, வயது வரம்பும் தாண்டிவிட்டது. இப்போது டவுனில் ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. பரவையிலிருந்து தினமும் இதில்தான் போய்வர வேண்டுமாம். என்னென்ன மாட்ட வேண்டும் என்று கேட்டேன்.

"கேரியர், மட்கார்டு எல்லாத்தையும் மாட்டிருங்க பாய். பாத்தா பந்தய வண்டின்னு தெரியவே கூடாது."

அப்பாவின் நிபந்தனை

மறுநாள் அவள் அப்பா வந்தார். பள்ளிக்கூடத்தில் கிளார்க். மகள் திரும்பவும் பந்தயத்துக்குப் போவாள் என்று அவர் மட்டும் நம்பிக்கொண்டிருந்தார். பின்சக்கரத்தில் இருந்த பழைய பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மிதிக்காவிட்டாலும் உருளும்படி ஃப்ரீவீல் போட்டிருந்தேன். அதற்குத் தலையாட்டினார். பிரேக் மாட்ட, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஓட்டை போட வேண்டும் என்றதும் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். இரும்பு சார், ஒன்றும் ஆகாது என்றேன். கேட்கிற ஆளாகத் தெரியவில்லை. அரை மனதோடு, ஓட்டை போடாமல் ஒரு கிளாம்ப் வைத்துப் பிரேக்கை இறுக்கிக் கொடுத்தேன்.

"மத்ததெல்லாம் கழட்டிப்புடலாம் பாய். ஓட்டையக் கழட்ட முடியுமா?"

ஆரப்பாளையத்தில்

ஒரு வாரம் போயிருக்கும். முன்சக்கரம் கோணி, முழங்காலில் கட்டோடு உருட்டிக்கொண்டு வந்தாள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு அருகே முன்னால் போன பஸ் சட்டென்று நின்றிருக்கிறது. இவள் கை பிரேக்குக்குப் போகவில்லை. பழக்கத்தில் கால் பெடலைப் பின்னுக்கு அழுத்தியிருக்கிறது. ஃப்ரீவீல் சும்மா சுற்றியிருக்கிறது. பிறகு பிரேக்கைப் பிடித்தால் கிளாம்ப் வழுக்கிவிட்டது. பஸ்ஸின் பின்பக்கத்தில் போய் மோதியிருக்கிறாள். பயத்தில் அவளைத்தான் திட்டினேன். அவள் கோபப்படவில்லை.

"காலு இன்னும் மைதானத்துலயே இருக்கு பாய். அதுக்கிட்ட யாரு போய்ச் சொல்றது?"

ஓட்டை

அன்று சாயங்காலமே அப்பா வந்தார். நான் டிரில்லை எடுத்தேன். ஃபோர்க் ஆடாமல் அவரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இரும்புத்தூள் அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது, தட்டிவிடவில்லை.

"போடுங்க பாய். பிள்ள இருந்தாத்தானே பந்தயம்."

பல்சக்கரம்

இப்போது ஜெசிந்தா கடை வாசலில் நிற்பதில்லை, பெல் அடித்துவிட்டுப் போய்விடுகிறாள். அப்பாதான் அவ்வப்போது பஸ் ஏறி வருகிறார். கைக்குட்டையைப் பிரித்து, நான் கழற்றிக் கொடுத்த பல்சக்கரத்தை எடுத்து நீட்டி எண்ணெய் விடச் சொல்கிறார். வேண்டுமென்றால் புதிதே வாங்கிக்கொள்ளலாம் சார் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"துரு ஏறிரக் கூடாது பாய். என்னைக்காவது அவ கேட்டான்னா நான் என்ன சொல்லுவேன்?"

வண்டியை உருட்டிக்கொண்டு வருகிறவர்களை எப்படியாவது ஏற்றி அனுப்பிவிடுகிறோம். வண்டியே இல்லாமல் வருகிறவருக்கு நம்மிடம் இரண்டு சொட்டு எண்ணெய்தான் இருக்கிறது.