கோட்டுக்கு அங்காலைக் கணக்கு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிள்ளைகள் பிழையாகச் செய்த கணக்கைச் சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டுப் பேசாமல் போக மனம் வராது. அந்தப் பிழை எந்த ஒழுங்கையால் வந்தது என்று பின்னால் நடந்து பார்க்க வேண்டும். ஏழையும் எட்டையும் பெருக்கி ஐம்பத்து நான்கு என்று ஒரு பிள்ளை எழுதினால், ஆறு ஒன்பதை நினைத்து எழுதியதா, அடுத்த வாங்கில் இருக்கிற பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதியதா என்று யோசித்துக்கொண்டு இருப்பேன். சோறு ஆறிப்போகும். "நீர் கணிதம் படிப்பிக்கிறீரோ, பொலிஸ் வேலை பாக்கிறீரோ?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.

பிழையாகச் செய்த கணக்குக்கே இப்படி என்றால், செய்யாமலே விட்ட கணக்குக்கு என்ன பாடு பட்டிருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் படிப்பிப்பது புங்குடுதீவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும்போது வகுப்புகள் மட்டும் எப்படி நிரம்பும்? ஏழாம், எட்டாம், ஒன்பதாம் தரங்கள் மூன்றையும் சேர்த்தால் பதினொரு பிள்ளைகள். மூன்று தரத்துக்கும் ஒரே அறை, ஒரே கரும்பலகை, கணிதத்துக்கு நான் ஒருத்தி. பலகையில் மேலிருந்து கீழாக இரண்டு கோடு போட்டுவிடுவேன். இடப்பக்கம் ஏழு, நடுவில் எட்டு, வலப்பக்கம் ஒன்பது. ஏழுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு எட்டுக்கு விளக்குவேன். எட்டு எழுதத் தொடங்க ஒன்பதுக்குப் போவேன். மூன்று அடுப்பிலும் சட்டி வைத்தவள் மாதிரித்தான், ஒன்று பொங்கும், ஒன்று அடிப்பிடிக்கும்.

அந்த அறையில் ஏழாம் தரத்தில் ஒரு பிள்ளை இருந்தாள். இறுப்பிட்டியிலிருந்து சைக்கிளில் வருகிறவள். வாய்க்குப் பூட்டில்லை. நான் ஒன்பதாம் தரத்துக்குச் சமன்பாடு ஒன்றை எழுதி முடிக்க முன்னமே இடப்பக்கத்திலிருந்து விடை வரும். முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் ஒன்பதாம் தரத்துப் பெடியன் பேனையை மூடி வைத்துவிட்டான். "அவள் சொல்லுவாள்தானே ரீச்சர், நான் என்னத்துக்கு?" என்றான்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்றே சட்டம் போட்டேன். "கோட்டுக்கு அங்காலை இருக்கிறது உங்கடை கணக்கில்லை. தெரிஞ்சாலும் வாய் திறக்கக் கூடாது, எழுதவும் கூடாது. அவரவர் தங்கடை பகுதியைப் பாக்கவேணும்." மீறினால் பாடம் முடியுமட்டும் எழும்பி நிற்க வேண்டும். அவள் இரண்டு முறை நின்றாள். மூன்றாம் முறைக்கு வேலை வைக்கவில்லை. அறை அமைதியாகிவிட்டது. எனக்கு அந்தச் சட்டத்தில் சரியான பெருமை. மற்றப் பள்ளி ஆசிரியர்களிடமும் சொல்லிப் பீற்றியிருக்கிறேன்.

அடுத்த தவணையில், எங்கள் தீவின் பாலத்துக்கு அங்காலை உள்ள ஒரு பெரிய பள்ளியில் கணிதத்தில் கெட்டிக்காரரான ஏழாம், எட்டாம் தரப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் விரைவு வகுப்பு ஒன்று தொடங்கப் போகிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. இரண்டு வருடப் பாடத்தை ஒரே வருடத்தில் முடிப்பது நோக்கம். ஊரில் அதற்குக் 'கெதி வகுப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு பிள்ளைகளுக்குத்தான் இடம். உள்ளே போனவர்களை அந்தப் பெரிய பள்ளியே பத்தாம் தரத்துக்கு எடுத்துக்கொள்ளும். எங்கள் பள்ளி ஒன்பதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு பிள்ளையை எங்கே விடுவது, எந்த பஸ்ஸில் அனுப்புவது என்பதுதான் இங்கே ஒவ்வொரு தாயினதும் கவலை. அதனால் அது வெறும் சனிக்கிழமை வகுப்பு இல்லை.

தகுதியான பிள்ளைகளை ஆசிரியரே தெரிவு செய்து அனுப்பலாம் என்றார்கள். நான் அவளை மட்டும் அனுப்பினேன்.

சோதனை நடந்த அன்று நயினாதீவுப் பிள்ளைகள் படகில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, எங்கள் பிள்ளை ஏறிய அதே பஸ்ஸில் போனார்கள். வினாத்தாளில் இரண்டு பகுதி. முதலாவது அவரவர் தரத்துக் கணக்கு. இரண்டாவதில், பிள்ளை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்று பார்ப்பதற்காக மேல்வகுப்புக் கணக்கு இருபது. அதில் பாதியாவது செய்தவர்களுக்குத்தான் இடம்.

அவள் முதற்பகுதியில் ஒன்றும் பிழை விடவில்லை. இரண்டாம் பகுதியில் ஒன்றும் எழுதவில்லை.

பெயர்ப்பட்டியல் வந்த அன்று தாய் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். தையல் வேலை செய்கிறவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே வந்திருந்தாள்.

"என்ரை பிள்ளை மொக்கோ ரீச்சர்? எல்லாரும் கெட்டிக்காரி எண்டுதானே சொன்னனீங்கள்."

"மொக்கில்லை. ஏதோ நடந்திருக்கு. நான் பாக்கிறன்."

"நீங்கள் பாத்து என்ன செய்யிறது? பேர் போட்டாச்சு எண்டு சொல்லுகினம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பெரிய பள்ளியில் அந்த வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியரிடம், எல்லாரும் 'சேர்' என்று கூப்பிடுகிறவரிடம், கேட்டு விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். பஸ்ஸில் தலை சுற்றியிருக்குமோ என்பது முதல் சந்தேகம். தலை சுற்றிய பிள்ளை முதற்பகுதியை இவ்வளவு குண்டு குண்டான எழுத்தில் எழுதுமா? தாளைத் திருப்பிப் பார்க்கவில்லையோ என்பது அடுத்தது. அதுவும் சரிவரவில்லை. முதற்பகுதி முடிந்த இடத்தில் அடிமட்டம் வைத்து நேராக ஒரு கோடு கீறி, அதற்குக் கீழே "பகுதி இரண்டு - தரம் எட்டு, ஒன்பது" என்று வினாத்தாளில் உள்ளபடியே எழுதியிருந்தாள். கீழே வெள்ளைத்தாள். நேரம் போதவில்லையா? சேர் சிரித்தார். "அவ அரை மணித்தியாலத்திலை முடிச்சிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவ. வடிவா இருந்து கடலைப் பாத்தவ" என்றார்.

வினாத்தாளில்தான் பிழை என்றுகூட ஒரு நாள் முழுக்க வாதாடினேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

அடுத்த நாள் ஒரு சோதனை செய்து பார்த்தேன். இரண்டாம் பகுதியில் இருந்த ஒன்பதாம் தரக் கணக்கு ஒன்றையே எடுத்து, சத்தம் போடாமல் பலகையில் ஏழாம் தரப் பகுதியில் எழுதிவிட்டேன். ஆடும் கோழியும் சேர்ந்து பதினொரு தலை, முப்பத்திரண்டு கால். ஆடு எத்தனை, கோழி எத்தனை? மற்ற மூன்று பிள்ளைகளும் விரல் மடக்கிக்கொண்டு இருந்தார்கள். அவள் ஆட்டை x என்றும் கோழியை y என்றும் வைத்து, இரண்டு சமன்பாடு எழுதி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, ஐந்து ஆடு, ஆறு கோழி என்று கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். அந்த முறையை நான் ஏழாம் தரத்துக்குப் படிப்பித்ததே இல்லை. ஒன்பதுக்குப் படிப்பித்தபோது இவள் வாய் மூடி இருந்தாள், காதை மூடவில்லை.

இடைவேளைக்கு அவளைக் கூப்பிட்டேன்.

"இந்தக் கணக்கு சோதினையிலையும் வந்ததுதானே?"

"ஓம் ரீச்சர்."

"தெரியுமோ அப்ப?"

"தெரியும்."

"பிறகேன் செய்யேல்லை?"

நான் ஏதோ பகிடி விடுகிறேன் என்று நினைத்தாள் போல.

"அது எட்டின்ரையும் ஒன்பதின்ரையும் கணக்கு ரீச்சர். நான் ஏழு. நீங்கள்தானே செய்யக் கூடாது எண்டனீங்கள்."

"சோதினையிலையுமோ?"

"ஆர் கோட்டைத் தாண்டுகினம் எண்டு பாக்கத்தான் வைச்சிருக்கினம் எண்டு நினைச்சன். பக்கத்திலை இருந்த பிள்ளை எல்லாத்தையும் செய்தவ. பாவம், அவவுக்கு ஏச்சு விழப்போகுது எண்டு நினைச்சன்."

பிழையின் பின்னால் நடந்து நடந்து வந்து கடைசியில் என் வீட்டு வாசலிலேயே நிற்கிறேன். வேலியே பயிரை மேய்ந்த கதை. வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்துக்குள்ளும், ஒரு சொல்லைப் பிள்ளைகள் இவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டு போவார்களா என்று ஓர் ஆச்சரியமும் இருந்தது.

அன்று பின்னேரமே பஸ் எடுத்துப் போய்ச் சேரிடம் சொன்னேன். அவர் கதிரையில் சாய்ந்துகொண்டார்.

"நீர் சொல்லுறது விளங்குது. ஆனா நாளைக்கு எல்லாத் தாய்மாரும் ஒவ்வொரு கதையோடை வந்து நிப்பினம். நான் என்னத்தைக் காட்டுறது? எழுத்திலை தாரும்."

"என்னெண்டு எழுதிறது சேர்?"

"நடந்ததை எழுதும். ஆர் சொன்னது, ஏன் சொன்னது எண்டு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் கையாலும் கெட்டேன். வகுப்பில் நான் போட்ட சட்டத்தையும், அதை மீறியதற்காக இந்தப் பிள்ளையை இரண்டு முறை நிற்க வைத்ததையும், பிழை அவளுடையதல்ல, என்னுடையது என்பதையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். இருபது வருடத்தில் நான் எழுதிய கடிதங்களில் அதுதான் ஆகச் சின்னது. எழுதி முடிக்கத்தான் நிறைய நேரம் எடுத்தது.

புதன்கிழமை பள்ளி முடிந்ததும் அவளையும் தாயையும் கூட்டிக்கொண்டு போனேன். சேர் புதிதாக இருபது கணக்குத் தயாரித்து வைத்திருந்தார். அவள் பேனையை எடுத்துவிட்டு எழுதாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"செய் பிள்ளை," என்றேன். "எல்லாத்தையும் செய்."

பதினாறு சரி. பதின்மூன்றாவது கதிரை ஒன்று போடுவதாகச் சேர் சொன்னார். தாய் அளவு நாடாவைக் கழற்றிக் கையில் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இனிமேல் வேறை ஆருக்கும் கதிரை கேட்டு வரவேண்டாம் ரீச்சர். இனி இடம் இல்லை" என்று சேர் என்னிடம் பகிடியும் கண்டிப்பும் கலந்து சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

வியாழக்கிழமை வகுப்பில், பிழையைத் திருத்திவிட்டேன் என்ற நினைப்போடு, ஏழையும் எட்டையும் பார்த்துக் கேட்டேன். "உங்களிலை ஆருக்காவது மேல்வகுப்புக் கணக்குத் தெரியுமோ? உண்மையைச் சொல்லுங்கோ, ஏச மாட்டன்."

கெதி வகுப்புக்காரிதான் முதலில் கையை உயர்த்தினாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் ஒரு கை. பிறகு எட்டாம் தரத்தில் இரண்டு. கடைசியாக, எட்டாம் தரத்தில் ஓரமாக இருக்கிற, தவணைக்குத் தவணை ஐம்பது புள்ளி எடுக்கிற, வாயே திறக்காத ஒரு பிள்ளை. ஏழு பேரில் ஐந்து கை.

அந்தக் கடைசிப் பிள்ளையைப் பலகைக்குக் கூப்பிட்டேன். ஒன்பதாம் தரப் பகுதியில் இருந்த கணக்கை, ஒரு பிழையும் விடாமல், நான் செய்வதை விடச் சுருக்கமாகச் செய்தாள்.

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"போன வருசம் ரீச்சர்."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் இருந்தாள். அவளை நான் சோதனைக்கே அனுப்பவில்லை.