ஓட்டுநர் இருக்கை: காலி

இது நடந்தது. என் வீட்டில், என் கண் முன்னால் நடந்தது. பேய் பிசாசு என்று பேச வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிய ஆள் நான். அப்படிப்பட்டவன் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முப்பத்தொரு வருடம் ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரியாக வேலை பார்த்தேன். சிக்னல் நிறுத்தக் கோட்டைத் தாண்டிச் சக்கரம் ஒரு விரல்கடை போனாலும் பெயில் போட்டுவிடுவேன். முதுகுக்குப் பின்னால் என்னை 'ஸ்டாப் லைன்' என்று கூப்பிடுவார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் அபராதம் கட்டியதில்லை, யார் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை. நான் கையெழுத்துப் போட்ட தாளில் பொய் இருந்ததில்லை.

வாய்விட்டு ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதுவும் இதில் வரும். அதை மறைத்தால் மற்றது எதுவும் புரியாது.

என் கார் வாங்கி மூன்று வருடம். ஏழு வருட வாரண்டி. வாரம் இரண்டு முறை கடைக்கும் நூலகத்துக்கும் போய்வருவேன், அவ்வளவுதான். ஒரு திங்கட்கிழமை காலை நூலகத்து வாசலில் வண்டி ஒரு முறை இருமியது. புகை கக்கியது. நின்றுவிட்டது. பிஸ்டன் உருகிப்போய்விட்டது என்றார்கள்.

பத்து நாள் கழித்து சர்வீஸ் மேனேஜர் கூப்பிட்டார். கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறை. உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"சார், வாரண்டி கிடையாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க."

"ஏன்?"

"வண்டி ரொம்ப வேகமா ஓடியிருக்கு. நூத்தி எழுபத்தொண்ணு."

"யாரோட வண்டி?"

"உங்களோடதுதான் சார். இன்ஜினோட ஒரு பெட்டி இருக்கு, எல்லாத்தையும் பதிஞ்சு வெச்சுக்கும்."

"தம்பி, நான் அறுபதைத் தாண்டினதே கிடையாது."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க."

கதவோரம் நின்ற மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பெரியவர் பாக்கத்தான் சாது போல" என்றான்.

தாளை வாங்கிப் பார்த்தேன். நாற்பத்துநான்கு வரிகள். நாற்பத்துநான்கும் ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொன்றும் விடியற்காலை 4:52-க்குத் தொடங்கி 5:01-க்கு முடிந்தது. தூரம் இருபத்திரண்டு கிலோமீட்டர். உச்ச வேகம் 171.

ஞாயிறு விடியற்காலைகளில் என் கார் ஷெட்டில்தான் நிற்கும். சாவி என் தலையணைக்குக் கீழே இருக்கும். மீட்டரில் ஓடும் தூரத்தைத் தினமும் டைரியில் குறித்துவைப்பவன் நான். ஒரு கிலோமீட்டர்கூட அதிகமாக ஓடவில்லை.

மேலும் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஓட்டுநர் இருக்கை: காலி. பக்கத்து இருக்கை: ஆள் உண்டு, பெல்ட் போடப்பட்டது.

"இது என்ன?" என்றேன்.

மேனேஜர் குனிந்து பார்த்தார். "அந்த சென்சார் கோளாறா இருக்கும் சார்."

"சீட்டுல ஆள் இருக்கானான்னு பாக்குறது கோளாறு. வேகத்தைப் பாக்குறது மட்டும் சரியா?"

"அதை மேலிடத்துலதான் சார் கேக்கணும். பதினஞ்சு நாளுக்குள்ள நீங்க அப்பீல் எழுதலாம். ஒவ்வொரு தேதியும் எப்படி ஓட்டினீங்கன்னு எழுதி, அத்தாட்சி வெக்கணும்."

அப்போதுதான் முதல் வரியின் தேதியைக் கவனித்தேன்.

என் மனைவி இறந்த நாள்.

அன்று விடியற்காலை அவள் மார்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவளைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டேன். 4:52-க்கு வண்டியை எடுத்தேன். மருத்துவமனை இருபத்திரண்டு கிலோமீட்டர். 5:24-க்குப் போய்ச் சேர்ந்தேன். உயிர் இல்லை. "இருபது நிமிஷம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

அவளுடைய தம்பி ஓடிவந்தான். தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் அத்தான் இவ்வளவு நேரம், எப்படி வந்தீங்க?" என்றான்.

"பறந்து வந்தேன். வண்டி தாங்குற வேகத்துல வந்தேன்" என்றேன்.

அதுதான் அந்தப் பொய்.

நான் ஐம்பதில் வந்தேன். ஐந்து சிக்னலில் நின்றேன். சாலையில் ஒரு ஈ, காக்கா இல்லை. ஆனாலும் நின்றேன். வேறு விதமாக ஓட்ட எனக்குத் தெரியாது.

மைத்துனன் அதை நம்பவில்லை. வாய் திறந்து எதுவும் சொல்லாமல் வருவதை மட்டும் நிறுத்திவிட்டான். பத்து மாதம் வீட்டில் நானும் சுவர்க் கடிகாரமும்தான். காபி போட்டால் கை தானாக இரண்டு கப் எடுக்கும். ஒன்றைத் திரும்ப வைப்பேன்.

சர்வீஸ் சென்டரில் மகளுடைய ஈமெயிலைக் கொடுத்திருந்தேன். அந்தத் தாள் அவளுக்கும் போயிருந்தது. முதல் வரியை மட்டும் பார்த்தவள் அதை அப்படியே மாமாவுக்கு அனுப்பிவிட்டாள். மற்ற வரிகளையும் கட்டங்களையும் யார் படிப்பார்கள்? அன்று மாலையே மைத்துனன் வந்து நின்றான். உள்ளே நுழைந்ததும் என் தோளில் தலை வைத்து அழுதான்.

"எல்லா சிக்னல்லயும் நின்னிருப்பீங்கன்னு நெனச்சேன் அத்தான். தூங்கவிடாத நெனப்பு. மன்னிச்சிடுங்க."

நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"நூத்தி எழுபத்தொண்ணு..." என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆளா? எங்கக்கா பயந்திருப்பா."

"சாப்பிட்டுட்டுப் போ" என்றேன். பத்து மாதத்துக்குப் பிறகு அன்று என் வீட்டில் இரண்டு தட்டு கழுவினேன்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். அப்பீல் எழுதினால், அன்று நான் ஐம்பதில் போனேன் என்று என் கையாலேயே எழுதித்தர வேண்டும். மைத்துனன் போய்விடுவான். எழுதாவிட்டால், கண்மண் தெரியாமல் ஓட்டியவன் என்று என் பெயர் அவர்கள் பதிவில் நிற்கும். பேசாமல் இருந்தால் வீட்டுக்கு ஆள் வரும். ஆனால் அந்தத் தாளை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும்; அந்தப் பொய்யில் இனி என் கையெழுத்தும் இருக்கும்.

காரை அங்கே விட்டுவைக்க எனக்குப் பிடிக்கவில்லை. கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். தெரு முழுவதும் வாசலுக்கு வந்து பார்த்தது. மெக்கானிக் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அலாரம் வைக்காமலே விழித்தேன். மணி 4:30. அந்தத் தாள் பொய் என்று என் கண்ணால் பார்த்து முடித்துவிடலாம் என்று ஷெட்டுக்குப் போனேன். கதவை உள்பக்கம் தாழிட்டேன். டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். நிற்கிற வண்டியிலும் பெல்ட் போட்டுக்கொண்டேன். பழக்கம்.

மணி 4:47.

எதிரே சுவர். சுவரில் மாட்டிய சைக்கிள் பம்பு. வெளியே ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

4:50. பக்கத்து இருக்கைக் கதவின் கண்ணாடியில் மட்டும் ஆவி படிந்திருந்தது. உள்பக்கம்.

என் பக்கத்துக் கண்ணாடி உலர்ந்தே இருந்தது.

4:51...

4:52.

'கிளிக்.'

பெல்ட் கொக்கி மாட்டும் சத்தம். என்னுடையது ஏற்கெனவே மாட்டியிருந்தது.

டார்ச்சைத் திருப்பினேன். பக்கத்து இருக்கையில் பெல்ட் இழுபட்டு மாட்டியிருந்தது. இருக்கையோடு ஒட்டாமல் ஒரு சாண் முன்னால் நின்றது. நடுவில் ஒன்றுமில்லை.

பெல்ட் மேலே எழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது...

மூச்சு வாங்குவதுபோல.

பேட்டரி ஒயர் கழற்றிய வண்டியில் மீட்டர் விளக்கு எரிந்தது. முள் அசைந்தது.

20. 40. 50.

என் கால் தானாக பிரேக்குக்குப் போனது. மிதித்தேன். பிரேக் கல்லாக இருந்தது.

70. 90. 120.

சத்தமே இல்லை. சுவர் அதே இடத்தில். பம்பு அதே இடத்தில். ஆனால் என் முதுகை யாரோ இருக்கையோடு சேர்த்து அழுத்தினார்கள்.

டக்... டக்... டக்...

டேஷ்போர்டில் விரல் நுனியால் தட்டும் சத்தம். அன்று அவள் தட்டியது போலவே.

"சிவப்பு விழுந்திருக்கு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அன்றும் இதைத்தான் சொன்னேன்.

தட்டுவது நின்றது.

150.

171.

5:01.

முள் விழுந்தது. பெல்ட் 'சர்ர்' என்று சுருண்டு உள்ளே போனது.

பக்கத்துக் கதவு திறந்தது.

மெதுவாகச் சாத்திக்கொண்டது. முழுதாகச் சாத்தவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான் சாத்துவாள். நான்தான் சுற்றிப் போய் மறுபடி அடித்துச் சாத்துவேன்.

ஷெட் கதவில் உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

வெளிச்சம் வரும்வரை நான் அசையவில்லை.

7:10-க்கு மைத்துனனுக்கு போன் செய்தேன்.

"சொல்லுங்க அத்தான், என்ன காலையிலயே?"

"நான் பறக்கல. ஐம்பதுலதான் போனேன்."

"எப்போ?"

"அன்னிக்கு. அஞ்சு சிக்னல்ல நின்னேன். ரோடு காலியாத்தான் இருந்துச்சு. நின்னேன்."

"அக்கா என்ன சொன்னா?"

"வேகமா போங்கன்னா."

"எத்தனை தடவை?"

"மூணு."

போன் வைக்கப்பட்டது. அவன் வீட்டில் என் பேரை எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டானாம். மகள்தான் சொன்னாள், அதுவும் நான்கு நாள் கழித்து. அதற்குப் பிறகு அவளும் அளவாகத்தான் பேசுகிறாள்.

அப்பீல் எழுதினேன். முதல் தேதிக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். மற்ற நாற்பத்துமூன்று தேதிகளுக்கு 'வண்டியை எடுக்கவில்லை' என்று எழுதினேன். கம்பெனி அதை ஏற்கவில்லை. கார் இன்னும் ஷெட்டில்தான் நிற்கிறது. அது போகட்டும். அத்தாட்சி வாங்கப் போன இடத்தில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நான் 5:24-க்கு வந்துசேர்ந்தேன் என்பதற்கு மருத்துவமனையில் சான்றிதழ் கேட்டிருந்தேன். பழைய பதிவேடுகள் வைக்கும் அறையில் ஒரு அம்மா அவசரப் பிரிவுப் பேரேட்டை எடுத்துத் தேதியைத் தேடினார். விரல் ஒரு வரியில் நின்றது. பிறகு இன்னொரு வரிக்குப் போனது. மறுபடி மேலே வந்தது.

"உங்க வீட்டுக்காரம்மா பேர் ரெண்டு தடவை இருக்கே சார். எந்த நேரத்துக்குப் போடட்டும்?"

பேரேட்டைத் திருப்பிக் காட்டினார்.

5:24. கணவர் அழைத்துவந்தார். வரும்போதே உயிர் இல்லை.

அதற்கு ஐந்து வரி மேலே, வேறு கையெழுத்தில், அதே பெயர், அதே வயது, எங்கள் தெரு. 5:01. தனியாக நடந்து வந்தார். மூச்சுத்திணறல். உட்காரவைக்கப்பட்டார். உடன் வந்தவர்: கணவர், பின்னால் வருகிறார். 5:04, அழைத்தபோது இருக்கையில் இல்லை.

எழுதிய நர்ஸ் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். கூப்பிட்டு அனுப்பினார்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஞாபகம் இருக்கு சார். உள்ள வாங்க, டாக்டர் இருக்காருன்னு சொன்னேன். அவர் வந்துடட்டும்னாங்க. வாசலையே பாத்துட்டு இருந்தாங்க."

"அப்புறம்?"

"ஆக்சிஜன் எடுத்துட்டு வரத் திரும்பினேன். 'அவருக்குத் தனியா வரத் தெரியாது, நான் போய்க் கூட்டிட்டு வரேன்'னு குரல் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா ஆள் இல்ல."

அன்று 5:04-க்கு நான் மூன்றாவது சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். டேஷ்போர்டு கடிகாரத்தைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது.

அந்த நிமிடம்தான் அவள் என் தோளில் சாய்ந்தாள்.